எஃப்எஸ்டிரிம் இரண்டாம் முறை 0 காட்டினால்

எஃப்எஸ்டிரிம் (fstrim) என்பது எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் லினக்ஸ் கட்டளை; இப்படிச் சொல்வதுதான் டிரிம். இரண்டாம் முறை 0 காட்டினால் பழுது இல்லை. காலையில் ஓட்டியபோது 180 ஜிபி, உடனே மறுபடி ஓட்டினால் 0 பைட் என்றால் டிரிம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. எஸ்எஸ்டியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்ட காலி இடத்தை இஎக்ஸ்டி4 (ext4, லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) நினைவில் வைத்திருக்கும், திரும்பச் சொல்லாது. ரீபூட் செய்தால் அந்த நினைவு போய்விடும், மறுபடி பெரிய எண் வரும்.

சந்தேகம் தீர, 2 ஜிபிக்கு ஒரு டம்மி ஃபைல் எழுதுங்கள். சிங்க் (sync, நினைவகத்தில் காத்திருப்பதை டிஸ்க்கில் எழுதவைக்கும் கட்டளை) கொடுங்கள். அழியுங்கள். மறுபடி சிங்க், அப்புறம் எஃப்எஸ்டிரிம். 2 ஜிபியோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். முதல் சிங்க்கை விட்டுவிட்டால் ஃபைல் டிஸ்க்குக்கு முழுதாகப் போகாமலே இருக்கலாம், சோதனை வீணாகிவிடும்.

எண்ணே வராமல் ‘ஆதரவில்லை’ என்று பிழை வந்தால் கதை வேறு. டிஸ்க்கை லக்ஸ் (LUKS) கொண்டு என்க்ரிப்ட் செய்திருந்தால் அது மறிக்கலாம். அப்படியானால் /etc/crypttab என்ற அமைப்பு ஃபைலில் discard என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, எஃப்எஸ்டிரிம் காட்டும் எண் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) எஸ்எஸ்டிக்குச் சொல்லி அனுப்பிய கணக்கு மட்டுமே. உள்ளே எப்போது அழிப்பது என்பது எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பின் இஷ்டம்.