சினார் சருகு எடுக்க எந்த வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கலாம்?

கேள்வி: அண்ணே வணக்கம், நவம்பர் முதல் வாரம் ஃபேமிலியோட ஸ்ரீநகர் போறோம், காஷ்மீர் சினார் மரத்தோட இலை கீழ கொட்டிக் கிடக்குறத வைட் ஆங்கிள்ல எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்கிட்ட கேனான் ஆர்50, கூட வந்த 18-45 கிட் லென்ஸ் இருக்கு. கடைல புது ஆர்எஃப்-எஸ் 10-18 வாங்கச் சொல்றாங்க, ஃப்ரெண்டு ஒருத்தர் பழைய இஎஃப்-எஸ் 10-18 செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா வருது, அது நேரா பொருந்தாது, நடுவுல அடாப்டர் மாட்டிக்கலாம்ங்கிறாரு. ரெண்டும் அதே 10-18 தானே, எதுக்கு கூட காசு குடுக்கணும்? (கோவை வாசகர்)

பதில்: ரெண்டும் 10-18 எம்எம் தான், இந்த நம்பர் குறைய குறைய காட்சி அகலமா விழும், ஆனா சருகு எடுக்குறவங்க பாக்க வேண்டிய நம்பர் அது இல்லைங்க. பொருளுக்கு எவ்ளோ கிட்ட போய் ஃபோகஸ் பண்ணும்ங்கிறதுதான் முக்கியம், கடைக்காரர் அத வாயத் திறந்து சொல்லவே மாட்டாரு. வைட் ஆங்கிள்ல நின்ன இடத்துல இருந்து தரைய எடுத்தா இலை எல்லாம் பொட்டுப் பொட்டாத்தான் தெரியும், எதுவும் கண்ணுல நிக்காது. கேமராவ தரைக்கு இறக்கி ஒரே ஒரு இலைக்கு மூஞ்சிக்கிட்ட கொண்டு போனாத்தான் அந்த இலை பெருசா முன்னாடி நிக்கும், பின்னாடி மரமெல்லாம் சின்னதா போகும், அந்த ஆழம் வரும்.

இப்போ கணக்குக்கு வாங்க. 2014ல வந்த பழைய இஎஃப்-எஸ் லென்ஸ் 22 சென்டிமீட்டர் வரைக்கும் ஃபோகஸ் பண்ணும். 2023ல வந்த ஆர்எஃப்-எஸ் ஆட்டோஃபோகஸ்ல 14 சென்டிமீட்டர், கையால திருப்புற மேனுவல் ஃபோகஸ்ல 10 எம்எம்ல வெறும் 8.6 சென்டிமீட்டர். இதெல்லாம் சென்சார்ல இருந்து அளக்குறது, லென்ஸ் முன் கண்ணாடில இருந்து இல்ல, அதனால 8.6னா இலை கிட்டத்தட்ட கண்ணாடிய ஒட்டி இருக்கும், லென்ஸ் நிழலே இலை மேல விழுந்து தொலைக்கும், வெளிச்சம் பக்கவாட்டுல வர்ற மாதிரி உக்காரணும். எடையும் பாருங்க, பழசு 240 கிராம், அதுக்கு மேல அடாப்டர் வேற, புதுசு 150 கிராம் தான். அடாப்டருக்கு நீங்க குடுக்குற காசையும் சேத்து கூட்டிப் பாருங்க, சல்லிசுன்னு சொன்னது அவ்வளவு சல்லிசா இருக்காது. உங்க கேமராவுக்கு என்னோட ஓட்டு புதுசுக்குத்தான்.

ஆனா ஒண்ணு. சினார் இலை உள்ளங்கை அளவுக்கு மேல விரிஞ்சிருக்கும், அதனால பழைய லென்ஸ்லயும் படம் வரத்தான் செய்யும். இந்த ஒரு டூருக்கு மட்டும்தான்னா வாங்கவே வேணாம், வாடகைக்கு எடுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுத் தோட்டத்துல பாதாம் இலையோ தேக்கு இலையோ போட்டு பழகிக்கங்க. கிட் லென்ஸே 18 எம்எம்ல 20 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போகும், அதையும் ட்ரை பண்ணிட்டு அப்புறம் பர்ஸத் திறங்க.

செகண்ட் ஹேண்ட் தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா மொபைல் டார்ச்ச ஒரு பக்கம் அடிச்சு இன்னொரு பக்கம் வழியா பாருங்க, உள்ள நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், நம்மூரு ஈரத்துக்கு இது சகஜம், எவ்ளோ குறைச்சாலும் வாங்காதீங்க.

கேள்வி: கடைல யூவி ஃபில்டர், பேக் எல்லாம் காம்போவா தலைல கட்டுறாங்க, அது வேணுமா?

பதில்: யூவி வேணாம். அந்தக் காச போலரைசர் ஃபில்டர்ல போடுங்க, ஈர இலை மேல வானத்தோட வெள்ளைப் பளபளப்பு படிஞ்சு செவப்பு செத்துப் போகும் பாருங்க, போலரைசர மெல்ல திருப்பினா அந்தப் பளபளப்பு போய் கலர் வந்துரும், இத ஃபோட்டோஷாப்ல பண்றது கஷ்டம். சைஸ் பாத்து வாங்குங்க, புது லென்ஸுக்கு 49 எம்எம், பழசுக்கு 67. வானம் அதிகமா வர்ற படத்துல மட்டும் கழட்டிருங்க, 10 எம்எம்ல வானம் ஒரு பக்கம் கருப்பா ஒரு பக்கம் வெளுப்பா திட்டுத் திட்டா வரும்.

கேள்வி: ட்ரைபாட், இடம், நேரம்?

பதில்: ட்ரைபாட் வேணாம், ரெண்டு லென்ஸ்லயும் கை ஆட்டத்த சமாளிக்கிற ஸ்டெபிலைசர் இருக்கு, ஆர்50 ஸ்க்ரீன் வெளிய திரும்பும், மண்டி போட்டா போதும். லென்ஸ் துவாரத்த (அப்பர்ச்சர்) எஃப் 8ல வைங்க. இடம்னா ஹஸ்ரத்பல் பக்கத்துல காஷ்மீர் யுனிவர்சிட்டி வளாகத்துல இருக்குற நசீம் பாக், முகலாயர் காலத்து சினார் தோப்பு. காலைல சீக்கிரம் போங்க, அங்க ஜனங்க சருகக் கூட்டிக் குவிச்சு எரிச்சு, குளிருக்கு காங்கிரில (கைல வச்சுக்குற கணப்புச் சட்டி) போடுற கரியாக்கிடுவாங்க, லேட்டா போனா தரை மொட்டையா இருக்கும்.

கேள்வி: கடைக்காரர் பில் இல்லாம விலை குறைச்சுத் தரேங்கிறாரே?

பதில்: ‘கடை வாரண்டி’ன்னு ஆரம்பிப்பாரு, இந்திய வாரண்டி கார்டும் சீரியல் நம்பர் எழுதின ஜிஎஸ்டி பில்லும் கேளுங்க. பில் இல்லன்னா நாளைக்கு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டாலும் அங்கயே வாங்கினேன்னு நிரூபிக்க உங்க கைல ஒண்ணும் இருக்காது.