கேள்வி–பதில்: கடலில் மிதக்கும் எல்.என்.ஜி. ஆலைகள்

கேள்வி: மிதக்கும் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை வாயு) முனையம் என்று செய்திகளில் வருவதும், மிதக்கும் எல்.என்.ஜி. ஆலை என்பதும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல, நேர் எதிர். முனையம் இறக்குமதிக்கானது. கப்பலில் வந்த திரவத்தைச் சூடாக்கி, மறுபடி வாயுவாக்கி, குழாயில் விடும். பெரும்பாலும் கடல்நீரின் வெதுவெதுப்பே அதற்குப் போதும். ஆலை ஏற்றுமதிக்கானது. கிணற்றிலிருந்து வரும் வாயுவைச் சுத்தம் செய்து, மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்து, 600-ல் ஒரு பங்காகச் சுருக்கித் தொட்டியில் சேர்க்கும். சூடேற்றுவது எளிது, குளிர்விப்பதுதான் பாடு. முனையங்கள் டஜன் கணக்கில் இருக்க, ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதற்குக் காரணம் இதுவே. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் செய்திகள் ஏராளம்.

கேள்வி: குழாய் போட்டு வாயுவைக் கரைக்குக் கொண்டுவந்து அங்கே ஆலை கட்டினால் ஆகாதா? எதற்குக் கடலில் இத்தனை சிரமம்?

பதில்: குழாய் போட முடிகிற இடத்தில், வாயுவும் நிறைய இருந்தால், கரைதான் நல்லது. அதில் இரண்டு கருத்து இல்லை. கடலுக்குப் போகவேண்டி வருவது மூன்று நிலைமைகளில். வாயு வயல் (கடலடியில் வாயு கிடைக்கும் பகுதி) கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கலாம்: ஷெல் நிறுவனத்தின் பிரிலூட் ஆலை ஆஸ்திரேலியாவின் புரூம் நகரிலிருந்து சுமார் 475 கி.மீ. தள்ளி நிற்கிறது. வயல் சிறியதாக இருக்கலாம்: கரையில் ஆலை, துறைமுகம், குடியிருப்பு எல்லாம் கட்டும் செலவை அது தாங்காது. மூன்றாவது, கரையே பாதுகாப்பில்லாததாக இருக்கலாம். மொசாம்பிக்கில் 2021-ல் பால்மா நகர் தாக்கப்பட்டதும் கரையில் நடந்துகொண்டிருந்த பெரும் எல்.என்.ஜி. திட்டம் நின்றுபோனது. அதே வாயுப் படுகையில், சுமார் 2,000 மீட்டர் ஆழக் கடலில் மிதக்கும், இத்தாலியின் எனி நிறுவனத்தின் கோரல் சுல் ஆலையோ 2022 நவம்பரில் முதல் சரக்கை அனுப்பிவிட்டது.

அரசுகள் இதை எதிர்ப்பதும் உண்டு. கடலில் நிற்கும் ஆலையால் உள்ளூருக்கு வேலையும் கிடையாது, குழாயில் வாயுவும் கிடையாது. இந்தோனேசியாவின் அபாடி வயலுக்கு மிதக்கும் ஆலைதான் முதலில் திட்டமிடப்பட்டது. 2016-ல் அதிபர் ஜோகோ விடோடோ கரையில்தான் கட்டவேண்டும் என்று முடிவெடுக்க, வரைபடங்கள் மூட்டை கட்டப்பட்டன.

கேள்வி: கரை ஆலையில் உள்ள அதே கருவிகளைத்தான் கப்பலிலும் வைக்கிறார்கள் என்றால், எங்கே சிக்கல்?

பதில்: கருவிகளின் வரிசை அதேதான். முதலில் பாதரசம் நீங்கவேண்டும். குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றி அலுமினியமாக இருந்தால் மிகச் சிறிய அளவு பாதரசமும் அதை அரித்து உடைக்கும். அடுத்து அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் கரியமில வாயுவை 50 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்குக்கு) கீழே இறக்கும். பிறகு மூலக்கூறு சல்லடை ஈரத்தை 1 பி.பி.எம்.முக்குக் கீழே கொண்டுவரும். பென்சீன் போன்ற கனமான ஹைட்ரோகார்பன்களும் வெளியேற வேண்டும். இவற்றில் எது தப்பி உள்ளே போனாலும் பரிமாற்றியின் மெல்லிய வழிகளில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆலையை நிறுத்தி, சூடேற்றி, உருக்கி, மறுபடி குளிர்விக்கப் பல நாள் பிடிக்கும்.

சிக்கல் தொடங்குவது கப்பல் ஆடும்போது. அமீன் கோபுரத்தில் திரவம் மேலிருந்து சீராக வழிந்து இறங்க வேண்டும், வாயு கீழிருந்து ஏற வேண்டும். கோபுரம் சாய்ந்தால் திரவம் ஒரு பக்கச் சுவரோடு ஒதுங்கிவிடும். மறுபக்கத்தில் வாயு கழுவப்படாமலே மேலே போய்விடும். முன்னும் பின்னும் ஆடுவதைவிட, எடை ஒருபுறம் கூடி கப்பல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பது இதில் அதிகக் கெடுதல். ஆகவே கோபுரத்தைக் கப்பலின் நடுக்கோட்டுக்கு அருகே வைப்பார்கள், உள்ளே திரவமும் வாயுவும் உரசிச் செல்லும் நிரப்புப் பொருளின் உயரத்தைக் கூட்டுவார்கள், திரவத்தை மறுபடி பகிர்ந்துவிடும் தட்டுகளை நெருக்கமாக அமைப்பார்கள். நிலைப்படுத்தும் நீரைத் தொட்டி மாற்றி மாற்றி ஏற்றிச் சாய்வைச் சரிசெய்வது அன்றாட வேலை.

இரண்டாவது, தொட்டி. எல்.என்.ஜி. ஏற்றிச் செல்லும் சவ்வு வகைத் தொட்டிக் (உட்சுவரில் மெல்லிய உலோகத் தகடு பதித்த தொட்டி) கப்பல் தொட்டியை நிறைத்தபடியோ கிட்டத்தட்ட காலியாகவோதான் பயணம் செய்யும். பாதி நிரம்பிய திரவம் அலையோடு சேர்ந்து சுவரை அறையும் என்பதே காரணம். மிதக்கும் ஆலைக்கு அந்தச் சலுகை கிடையாது. தொட்டி நாள்தோறும் நிரம்பிக்கொண்டே வரும், பாதியைக் கடந்தே ஆகவேண்டும். எனவே ஒரே அகலத் தொட்டிக்குப் பதிலாக நடுவில் சுவர் எழுப்பி இரண்டு வரிசையாகப் பிரிக்கிறார்கள். அந்த நடுச்சுவரே மேலே உட்காரும் ஆலையின் எடையையும் தாங்கும்.

மூன்றாவது, கசிவு. மைனஸ் 162 டிகிரித் திரவம் சாதாரண எஃகுத் தளத்தில் கொட்டினால் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். கரையில் அது மண்ணிலோ கான்கிரீட் குழியிலோ சேரும்; இங்கே தளத்துக்குக் கீழேயே தொட்டி. இணைப்புகளுக்கு அடியில் துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகளும் தளத்தின் மேல் குளிர்தாங்கும் பூச்சும் கட்டாயம். பிரிலூட் 488 மீட்டர் நீளம், 74 மீட்டர் அகலம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அதே உற்பத்திக்குக் கரை ஆலை எடுக்கும் இடத்தில் இது கால்பங்குதான். வெடிப்பு அழுத்தம் வெளியேற இடைவெளியும் விடவேண்டும், கருவியையும் அடைக்கவேண்டும் என்ற இழுபறியிலேயே வடிவமைப்பாளரின் நாள் போகும்.

கேள்வி: குளிர்விக்க நைட்ரஜன் நல்லதா, கலப்புக் குளிர்பொருள் (ஹைட்ரோகார்பன்களின் கலவை) நல்லதா?

பதில்: நைட்ரஜன் தீப்பிடிக்காது. சுழற்சி முழுவதும் வாயுவாகவே இருப்பதால் கப்பல் ஆட்டம் அதைப் பாதிக்காது, தொடங்கி நிறுத்துவதும் சுலபம். ஆனால் ஒரு டன்னுக்கு அதிக மின்சாரமோ எரிபொருளோ தின்னும். மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் முதல் ஆலையான பி.எஃப்.எல்.என்.ஜி. சத்து போன்ற, ஆண்டுக்கு 12 லட்சம் டன் அளவுக்கு அது பொருந்தியது. 24 லட்சம் டன் ஹில்லி ஆலையில் ஒற்றைக் கலப்புக் குளிர்பொருள். 36 லட்சம் டன் பிரிலூட்டில் இரட்டைக் கலப்பு, அதாவது அடுத்தடுத்து இரண்டு கலவைகள். கரை ஆலைகளின் செல்லப்பிள்ளையான புரொப்பேன் முன்குளிர்விப்பைக் கப்பலில் தவிர்க்கவே பார்ப்பார்கள். அத்தனை டன் புரொப்பேனை நெருக்கமான தளத்தில் வைத்திருக்க யாருக்கும் மனம் வராது.

கேள்வி: பிரிலூட் அடிக்கடி நின்றதே, மிதக்கும் ஆலை என்றாலே அப்படித்தானா?

பதில்: அதன் முதல் இரண்டு பெரிய நிறுத்தங்களுக்குக் கடலலை காரணம் அல்ல, மின்சாரம் காரணம். 2019 ஜூனில் முதல் சரக்கு போனது. 2020 பிப்ரவரியில் மின்தடங்கலால் நின்று, 2021 ஜனவரியில்தான் ஏற்றுமதி மீண்டது. 2021 டிசம்பரில் ஒரு சிறு தீ, அதைத் தொடர்ந்து கப்பல் முழுக்க மின்சாரம் போனது. முக்கியக் கருவிகளுக்கு மின்சாரத்தை மீட்க முடியும் என்று காட்டும்வரை தொடங்கக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. 2022 ஏப்ரலில்தான் மறுபடி சரக்கு கிளம்பியது.

பக்கத்தில் மின்கட்டமைப்பு இல்லாத இடத்தில் ஆலையே தன் மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பிரிலூட்டில் கொதிகலன் நீராவிதான் டர்பைன்களை ஓட்டுகிறது. மின்சாரம் போனால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் கொதிகலன் நிற்கும், கொதிகலன் நின்றால் மின்சாரம் வராது. இந்தச் சக்கரத்தை மறுபடி சுற்றவிடுவதற்கான அவசர ஜெனரேட்டரும் பேட்டரியும் தனித்தனி அறைகளில், ஒன்றையொன்று நம்பாமல் இருக்கவேண்டும். வாங்குகிறவர் ஆலையின் டன் கணக்கைக் கேட்பார். முழு இருட்டிலிருந்து எத்தனை மணியில் எழும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

கேள்வி: சரக்கு ஏற்ற வரும் கப்பல் இரண்டு நாள் தாமதமானால் என்ன ஆகும்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிலூட்டைப் போல ஆண்டுக்கு 36 லட்சம் டன் என்றால், ஒரு கன மீட்டர் சுமார் 0.45 டன் வீதம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 22,000 கன மீட்டர். தொட்டிக் கொள்ளளவு 2,20,000 கன மீட்டர். வரும் கப்பல் 1,70,000 கன மீட்டர் ஏற்றும். மிச்சம் 50,000, அதாவது இரண்டு நாள் சொச்சம்தான் அவகாசம். அதற்குமேல் போனால் உற்பத்தியைக் குறைக்கவேண்டும். பக்கத்தோடு பக்கம் கட்டி ஏற்றும் முறையில் அலை உயரம் பொதுவாக 2 முதல் 2.5 மீட்டருக்குள் இருந்தால்தான் இழுவைப் படகுகளோடு நெருங்கமுடியும். புயல் பருவம் நீண்ட கடல் என்றால் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: ஐம்பது வயதான கப்பலை ஆலையாக மாற்றுகிறார்களாமே, நம்பலாமா?

பதில்: நம்பலாம் என்பதற்கு ஹில்லி எபிசேயோ சாட்சி. 1975-ல் கட்டப்பட்ட எல்.என்.ஜி. கப்பல் அது. சிங்கப்பூரின் கெப்பல் கப்பல் கட்டும் தளத்தில் இருபுறமும் மிதவைப் பெட்டிகளை ஒட்டவைத்து அகலமாக்கி, அவற்றின் மேல் நான்கு குளிர்விப்பு வரிசைகளை (தனித்தனியே இயங்கும் குளிர்விப்புத் தொகுதிகளை) ஏற்றினார்கள். சுமார் 120 கோடி டாலர் செலவு. 2018-ல் கேமரூனின் கிரிபி கடலில் ஓடத் தொடங்கியது. பழைய உருண்டைத் தொட்டிகள் அப்படியே இருக்கின்றன. அவை பாதி நிரம்பினாலும் சுவர் அறைதல் பிரச்சினை இல்லை என்பது கூடுதல் வசதி. ஆனால் இம்முறை அமைதியான, கரையோரக் கடலுக்குத்தான். செனகல்–மொரிட்டானியா எல்லைக் கடலில் 1976-ன் கிமி கப்பல் அலைதாங்கிச் சுவருக்குப் பின்னால் நிற்கிறது. முதல் சரக்கு 2025 ஏப்ரலில் போனது. புயல் பகுதி ஆழ்கடலில் பழைய உடலைக் கொண்டுபோய் நிறுத்துவது வேண்டாத வேலை.

கேள்வி: ஒரு மிதக்கும் ஆலைக்கு எவ்வளவு வாயு இருப்பு வேண்டும்?

பதில்: பத்து லட்சம் டன் எல்.என்.ஜி.க்குச் சுமார் 4,800 கோடி கன அடி வாயு. கப்பலே எரித்துக்கொள்வதற்கு எட்டு முதல் பத்து சதவீதம் கூடுதல். 24 லட்சம் டன் ஆலை 20 ஆண்டு ஓட ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி கன அடி வேண்டும். ஹில்லியின் கேமரூன் ஒப்பந்தம் 8 ஆண்டுக்கு 50,000 கோடி கன அடிதான். ஆகவே நான்கு வரிசையில் இரண்டுக்கே வேலை. முதல் ஒப்பந்தம் ஆண்டுக்கு 12 லட்சம் டன்.

கேள்வி: வாயு தீர்ந்தால் வேறு நாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம்தானே?

பதில்: போயிருக்கிறார்கள். பெட்ரோனாஸின் சத்து ஆலை 2019-ல் மலேசியாவின் சரவாக் கடலிலிருந்து சபா கடலுக்கு மாறியது. டேங்கோ ஆலையின் கதை இன்னும் சுவையானது. கொலம்பியாவுக்கென்று கட்டப்பட்டு, அங்கே வேலை இல்லாமல் போய், 2019-ல் அர்ஜென்டினா சென்றது. 2020-ல் விலை சரிந்ததும் அந்நாட்டு ஒய்.பி.எஃப். நிறுவனம் ஒப்பந்தத்தை விட்டு விலகி 15 கோடி டாலர் இழப்பீடு தந்தது. பிறகு எனி அதை வாங்கி காங்கோவுக்குக் கொண்டுபோய், 2024 பிப்ரவரியில் முதல் சரக்கை ஏற்றியது.

ஆனால் லாரியை இடம் மாற்றுவதுபோல அல்ல. புதிய வயலில் கரியமில வாயு இரண்டு மடங்கு என்றால் அமீன் பகுதி போதாது. கனமான வாயு அதிகம் என்றால் அதைப் பிரிக்கும் கோபுரம் திணறும். நங்கூர அமைப்பும் கடலடிக் குழாயும் எப்படியும் புதிது. சுத்தமான, குழாய்த் தரத்துக்கு நெருங்கிய வாயு உள்ள இடத்துக்குப் போவதே லாபம்.

கேள்வி: அப்படியானால் இனி எந்த வகைக்கு வாய்ப்பு அதிகம்?

பதில்: பிரிலூட் போன்ற பூதங்களுக்கு இல்லை என்பதே எங்கள் கணிப்பு. ஆஸ்திரேலியாவின் பிரௌஸ் வயலுக்கு அதுபோல மூன்று திட்டமிட்ட உட்சைட் நிறுவனம் 2016-ல் கைவிட்டது. வாய்ப்பு இருப்பது கரையோரத்தில், குழாய்த் தர வாயுவை வாங்கிக் குளிர்விக்க மட்டும் செய்யும் கப்பல்களுக்கு. அர்ஜென்டினா 2025-ல் ஹில்லியையும் 35 லட்சம் டன் புதுக் கப்பல் ஒன்றையும் 20 ஆண்டு வாடகைக்கு உறுதிசெய்தது. கனடாவில் ஹைஸ்லா பழங்குடியினரும் பெம்பினா நிறுவனமும் சேர்ந்து நடத்தும் சீடர் திட்டம், கரையிலிருந்து நீர்மின்சாரம் எடுத்து கம்ப்ரசர்களை ஓட்டப்போகிறது. டர்பைன் புகையும் போயிற்று, மேலே சொன்ன இருட்டுப் பயமும் பாதி குறைந்தது.

நெருக்கடி இரண்டு. கத்தார் தன் 7.7 கோடி டன் திறனை 14.2 கோடியாக ஏற்றத் திட்டமிட்டிருக்கிறது, அமெரிக்காவும் சேர்க்கிறது. விலை இறங்கினால் எரிபொருளை அதிகம் தின்னும் ஆலைகளுக்குத்தான் முதலில் வலிக்கும். இன்னொன்று, மிதக்கும் ஆலையைக் கட்டத் தெரிந்த கப்பல் தளங்கள் கொரியா, சீனா, சிங்கப்பூரில் மிகச் சிலவே. அவற்றில் இடம் கிடைப்பதே பாதி வெற்றி.

கேள்வி: புதிய திட்ட அறிவிப்பு வரும்போது எதைப் பார்த்து நம்புவது?

பதில்: புரிந்துணர்வு ஒப்பந்தத்தைப் பார்த்து நம்பாதீர்கள். இறுதி முதலீட்டு முடிவு எடுத்தாயிற்றா, கப்பல் தளத்துக்கு வேலை தொடங்கும் உத்தரவு போயிற்றா, கடன் தருபவர் யார் என்று பாருங்கள். எக்குவடோரியல் கினியின் ஃபோர்ச்சூனா திட்டத்தில் வயல் இருந்தது, மாற்றுவதற்குக் கப்பல் இருந்தது, வாங்குவதாகச் சொன்னவரும் இருந்தார். கடன் மட்டும் கிடைக்கவில்லை. 2018 முடிவில் உரிமக் காலமும் தீர்ந்தது, அரசு அதை நீட்டிக்கவில்லை.