டாக்டர் பதில்கள்: பின்குறிப்பில் வந்த ரத்தம்

கேள்வி: எனக்கு 46 வயது. இருபது வருடத்துக்கு முன் ரத்ததானம் செய்யப் போனபோதுதான் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தவறாமல் செய்கிறேன். இந்தக் கிருமி இருந்தால் பெருங்குடலிலும் புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி படித்தேன். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. உண்மையா டாக்டர்? (பி.கு.: இரண்டு மாதமாக மலம் போகும்போது அவ்வப்போது ரத்தம் தெரிகிறது. மூலமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)

பதில்: கிருமியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, ரத்தத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

டாக்டராகி இரண்டு மூன்று வருடம்கூட ஆகாத காலம். உங்கள் வயதுக்காரர் ஒருவர் இதே தொல்லையோடு வந்தார். வெளியே மூலம் கண்ணுக்கே தெரிந்தது. களிம்பு எழுதிக் கொடுத்து, நார்ச்சத்து சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து வந்தபோது நகமெல்லாம் வெளுத்திருந்தது. அப்புறம்தான் கையுறை மாட்டி ஆசனவாய்க்குள் விரல்விட்டுப் பார்த்தேன். கட்டி என் விரல் நுனியில் தட்டியது. முதல் நாளே அது அங்கேதான் இருந்திருக்கும். நான்தான் தொட்டுப் பார்க்கவில்லை. மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் இருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டும் என்றுதான் அவரும் சொல்வார் என்று நினைக்கிறேன். இரண்டு மாத ரத்தம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். 'ஸ்கேன் நார்மல்' என்று சமாதானம் ஆகாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது கல்லீரலைப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட். குடலின் உள்சுவரில் காளான் மாதிரி முளைக்கும் பாலிப் அதில் தெரியாது. கொலோனோஸ்கோபியில் திரையில் பளிச்சென்று தெரியும். கம்பிச் சுருக்கை மாட்டி அங்கேயே அறுத்து எடுத்தும் விடலாம். பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் வாக்கில் ஆகும், அதற்குள் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. முதல் நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கஷ்டம், மற்றபடி ஒன்றுமில்லை.

சரி, கிருமிக்கு வருவோம். கல்லீரல் விஷயத்தில் சந்தேகமே கிடையாது. தைவானில் 22,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைப் போல் இருநூறு மடங்குக்கும் மேல் இருந்தது. பெருங்குடல் கதை அப்படியில்லை. சில ஆய்வுகளில் அபாயம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதற்கும் கிருமிதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. குடி, புகை, உடல் பருமன், சர்க்கரை நோய் இவையெல்லாம் கணக்கைக் குழப்பும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் எதுவும் சீக்கிரம் கண்ணில் படும் என்பதும் உண்டு.

'கால் பங்கு அதிகம்' என்று செய்தியில் பார்த்தால் வயிறு கலங்கும். பேச்சுக்கு, நூறு பேரில் நான்கு பேருக்கு வருகிற நோய் என்று வையுங்கள். கால் பங்கு கூடினால் ஐந்து பேர். இதற்காகத் தூக்கத்தை விடாதீர்கள். அந்தச் செய்தியே வராவிட்டாலும் உங்கள் வயதுக்குக் குடல் பரிசோதனை உண்டு. அமெரிக்க நிபுணர் குழு 2021இலேயே, தொந்தரவு எதுவும் இல்லாதவர்களும் 50க்குப் பதில் 45 வயதில் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இந்தப் புற்று வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். அடுத்த வாரம் கீமோ. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறார்கள். இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத கிருமி, இப்போது கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும் அம்மா. இந்த இரண்டு நோய்க்கும் நடுவில் நான் நிஜமாகவே பயப்படுகிற இடம் இதுதான். கிருமியை இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அப்பாவின் எதிர்ப்புச் சக்தி. கீமோ அதைத் தளர்த்தினால் கிருமி தலைதூக்கும். கண் மஞ்சளாகி, கீமோவையே பாதியில் நிறுத்த வேண்டி வரும். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துவிடும்.

நல்ல வேளை, தடுக்க வழி இருக்கிறது. கிருமியை அடக்கும் மாத்திரைகளான என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர், இரண்டில் ஒன்றை தினமும் எடுக்க வேண்டும், கீமோ தொடங்கும் முன்பே. புற்றுநோய் டாக்டரிடம் அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, கல்லீரல் டாக்டரையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கீமோ முடிந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அதன் பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நீங்களும் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது.