பித்தப்பையில் கல்: வலியே இல்லாதபோது கத்தி எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. சில வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் ஊர் மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் வயிற்றை ஸ்கேன் பார்த்து, பித்தப்பையில் 9 மில்லிமீட்டர் கல் இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு வலி, வாந்தி ஒன்றும் கிடையாது. முகாமோடு வந்த ஒருவர், "விட்டால் பை வெடித்துவிடும். காப்பீட்டு அட்டையில் செலவில்லாமல் முடித்துத் தருகிறோம், வியாழக்கிழமை வேன் வரும். அங்கே கேட்டால் வலி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று சொல்லி, அட்டை நகலும் ஆதார் நகலும் வாங்கிப் போயிருக்கிறார். பெரியம்மாவோ வாழைத்தண்டுச் சாறு போதும் என்கிறார். என்ன செய்வது? ஸ்கேன் தாளை இணைத்திருக்கிறேன். (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: முதலில், வியாழக்கிழமை அம்மாவை வேனில் ஏற்றாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பித்தப்பை, கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பை. சின்னக் கத்தரிக்காய் அளவுதான் இருக்கும். பித்தநீரைச் சுரப்பது அதன் வேலை இல்லை. அது கல்லீரலின் வேலை, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போலச் சுரக்கும். அதில் கொஞ்சத்தை வாங்கி வைத்து, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, எண்ணெய்ப் பண்டம் உள்ளே வரும்போது பிழிந்து விடுவதுதான் பையின் வேலை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பதம் தப்பினால் பாகு பூத்துப்போகிறது அல்லவா, பித்தமும் அப்படிப் பூத்துப் படிந்து கல்லாகிறது. பெண்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இது அதிகம்.

கல் இருப்பது ஒன்று, கல் தொந்தரவு செய்வது வேறு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் கல்லோடு இருக்கும் நூறு பேரை இருபது வருடம் கவனித்தால், சுமார் இருபது பேருக்குத்தான் அது வலியாக வெளியே தெரியும். மற்றவர்கள் கல்லோடேயே காலத்தை ஓட்டிவிடுவார்கள். "வெடித்துவிடும்" என்பது வேனில் ஏற்றுவதற்குச் சொல்வது. சும்மா கிடக்கும் கல்லால் பை வெடிக்காது. கல் அடைத்து, பை வீங்கிச் சீழ் பிடித்து, வலியையும் காய்ச்சலையும் நாள்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களுக்குத்தான் பை ஓட்டையாகும். அப்படி ஒரு வலி வந்தால் அம்மா உங்களைத் தூங்க விடமாட்டார்.

சர்க்கரை இருந்தால் கல்லை உடனே எடுத்தாக வேண்டும் என்று நாங்கள் மாணவர்களாக இருந்தபோது படித்தோம். இப்போது அந்த விதி இல்லை. வலி இல்லாத கல்லுக்குச் சர்க்கரை மட்டும் ஒரு காரணம் ஆகாது. வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்லும் நிலைகள் சில உண்டு. 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கல், பையின் சுவரில் 1 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த சதை, இப்படி. நீங்கள் அனுப்பிய தாளில் அது எதுவும் இல்லை.

அது கல்தானா என்பதையே நான் இன்னும் நம்பவில்லை. பித்தப்பையைப் பார்க்க ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு முகாம் வரிசையில் நின்றால் பை சுருங்கிப்போயிருக்கும். பக்கத்துக் குடலில் இருக்கும் காற்று கல் மாதிரியே நிழல் காட்டும். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி இப்படித்தான் வந்தார், கையில் "11 மில்லிமீட்டர் கல்" என்ற தாளோடு. அடுத்த நாள் வெறும் வயிற்றில் வரச் சொன்னோம். இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லிப் பார்த்தால் பை சுத்தமாக இருந்தது. கல் என்றால் திரும்பிப் படுக்கும்போது உருண்டு இடம் மாறும், சதை என்றால் ஒட்டிய இடத்திலேயே நிற்கும், காற்று என்றால் காணாமல் போகும். இரண்டு நிமிட வேலை. முகாமில் அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே வெறும் வயிற்றில் இன்னொரு ஸ்கேன் எடுங்கள், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையும் கூடவே செய்துகொள்ளுங்கள்.

வாழைத்தண்டு பற்றி. பெரியம்மா நினைப்பது சிறுநீரகக் கல். சிறுநீர் போகும் பாதைக்கும் பித்தப்பைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நீங்கள் குடிக்கும் எந்தச் சாறும் பித்தப்பைக்குள் போவதில்லை. பொரியலாகச் செய்து சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தில் வந்து விழும் என்று செல்போனில் சுற்றுகிறதே, அப்படி வந்து விழும் பச்சை உருண்டைகள் அந்த எண்ணெய் குடலுக்குள் சோப்பாகத் திரண்டவை. கரைக்கும் மாத்திரை என்று ஒன்று நிஜமாகவே உண்டு. ஆனால் கொழுப்பால் ஆன சின்னக் கற்களுக்குத்தான் அது கேட்கும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் மறுபடி கல் வந்துவிடுகிறது. நம் பக்கம் கறுப்பு நிறமிக் கற்களும் நிறையப் பார்க்கிறோம். அவை எதற்கும் கரையாது.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? கல்யாண விருந்தில் வெள்ளைப் பணியாரமும் மசாலா சீயமும் சாப்பிட்டுவிட்டு வந்த இரவு, மேல்வயிற்றில் இறுக்கிப் பிடித்த மாதிரி வலி. வலது விலாவுக்கும் தோள்பட்டைக்கும் ஏறும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் இருந்துவிட்டு விட்டுப்போகும். இது பித்தப்பை வலி. இது வந்துவிட்டால் நானே அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்வேன். ஒருமுறை வந்தது மறுபடி வரும். (நெஞ்சுக்குழி வலி என்றால் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கும். முதலில் ஈ.சி.ஜி., அப்புறம்தான் பித்தப்பை.)

இதைவிட முக்கியமான ஒன்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சின்னக் கல் பையிலிருந்து நழுவிப் பித்தக் குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளலாம். பெரிய கல்லுக்கு இது முடியாது, கடுகு, மிளகு அளவுக் கல்லால்தான் முடியும். குழாய் அடைத்தால் பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போகும், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். மஞ்சளைப் பார்த்ததும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் போட்டு, மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். கிருமியால் வரும் காமாலையில் பல தானாகவே சரியாகும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். குழாயில் உட்கார்ந்திருக்கும் கல் எந்த இலைக்கும் இறங்காது. மஞ்சளோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் அடைபட்ட பித்தத்தில் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். அது நாள் எண்ணும் வியாதி இல்லை, மணி எண்ணும் வியாதி. 108ஐக் கூப்பிட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதே கல் கணையத்தின் வாயிலில் சிக்கினால் முதுகுக்கு ஊடுருவும் வலி வரும், அதுவும் உயிருக்கு ஆபத்துதான். மூன்று வாரம் பத்தியம் இருந்துவிட்டு, எலுமிச்சம்பழ நிறத்தில் என்னிடம் வந்தவர்களை எண்ணி முடியாது.

அறுவைச் சிகிச்சை என்று வந்தால் பெரும்பாலும் நான்கு சின்ன ஓட்டைகள்தான், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீட்டுக்கு வரலாம். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுத்தருகிறோம் என்றோ, லேசரில் பொடியாக்குகிறோம் என்றோ யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லை உண்டாக்குவதே பைதான், அது இருந்தால் மறுபடி கல் வரும். 1882இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற மருத்துவர் முதன்முதலாகப் பையையே எடுத்ததிலிருந்து இதுதான் வழி. பை இல்லாவிட்டாலும் கல்லீரல் சுரந்துகொண்டுதான் இருக்கும், சாப்பாடு செரிக்கும்.

இனி அந்த வேன்காரர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல், பெயர் "ஒருங்கிணைப்பாளர்". இவர்களில் பலருக்குச் சம்பளம் தலைக்கு இவ்வளவு என்றுதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை, கையிலிருந்து பணம் கட்டாமல் வைத்தியம். அப்படிப்பட்ட ஏற்பாட்டைச் சுற்றித்தான் இந்த ஈக்கள் மொய்க்கின்றன. அறுவைக்கு முன்அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நோயாளிக்கு வலி இருக்க வேண்டும், ஆகவே "வலி இருக்கிறது என்று சொல்லுங்கள்". இல்லாத வலியை அம்மாவின் வாயால் சொல்ல வைத்து, தேவைப்படாத மயக்க மருந்தும் கத்தியும் தருவார்கள். பித்தக் குழாயில் கத்தி பட்டுவிடுவது ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு நடப்பதுதான், நல்ல கைகளிலும் நடக்கும். வலி உள்ளவருக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம். வலியே இல்லாதவர் எதற்கு ஏற்க வேண்டும்?

நிஜமாக வலியோடு வருகிறவர் அரசு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப் இருந்தும் மயக்க மருத்துவர் மாறுதலாகிப் போய்விட்டார் என்பதால் தேதிக்குக் காத்திருக்கிறார். வலியே இல்லாதவரை வாசலுக்கு வேன் வந்து அழைத்துப்போகிறது. எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

உங்கள் வேலை இவ்வளவுதான். வெறும் வயிற்று ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் முடித்து, முகாமோடு தொடர்பில்லாத ஒரு அறுவை மருத்துவரிடம் இரண்டு தாள்களையும் காட்டுங்கள். முகாம் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பின்னால் ஒப்பிட உதவும். அந்த ஆளுக்கு இன்றே போன் போட்டு, அம்மா வரவில்லை, அவர் பெயரில் எந்த அனுமதியும் கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள். அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள், நகல்கள் இன்னும் அவர் ஃபைலில்தான் இருக்கின்றன.