ஸ்டாலின்கிராடில் சரணடைந்த பவுலஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு டிவிஷனைக்கூட (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பிரிவு) நடத்தியிராத பவுலஸிடம் ஜெர்மனியின் 6-ஆம் படையை எப்படி ஒப்படைத்தார்கள்?

பதில்: 1910-இல் காலாட்படையில் சேர்ந்த ஃப்ரீட்ரிக் பவுலஸ், முதல் உலகப் போரின் முடிவில் கேப்டனாக இருந்தார், அதன் பிறகு அவருடைய உயர்வு பெரும்பாலும் தலைமையகங்களில், வரைபடங்களின் முன்னால்தான் நிகழ்ந்தது. 1939-இல் போலந்துப் போரில் தளபதி ரைஷனாவின் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக (தலைமையக அலுவலர்களின் தலைவராக) பணியாற்றினார். 1940 செப்டம்பரில் ஜெர்மன் தரைப்படைத் தலைமையகத்தின் தலைவர் ஹால்டருக்குத் துணையாகி, சோவியத் ஒன்றியத்தின் மீதான படையெடுப்புக்கான திட்டத்தை வகுத்தார். ரைஷனாவ் மேல்பதவிக்குச் சென்றபோது தம் பழைய உதவியாளரையே பரிந்துரைத்ததால், 1942 ஜனவரியில் 6-ஆம் படை அவர் கைக்கு வந்தது.

கேள்வி: முற்றுகையை உடைத்துக்கொண்டு அவர் ஏன் வெளியேறவில்லை?

பதில்: 1942 நவம்பர் 19 அன்று சோவியத் படைகள், ஸ்டாலின்கிராட் நகரில் போரிட்டுக்கொண்டிருந்த 6-ஆம் படையின் பக்கவாட்டில் ஜெர்மனிக்குத் துணையாக நின்ற ருமேனிய அணிகளைத் தாக்கி, நான்கே நாளில் கலாச் என்ற ஊர் அருகே வளையத்தை மூடின. முடிவெடுக்கும் சுதந்திரத்தைப் பவுலஸ் கேட்டார், ஹிட்லர் மறுத்தார். விமானம் வழியாகவே உணவும் வெடிபொருளும் அனுப்பிவிடலாம் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்களித்தார். ஆனால், நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்ட இடத்தில், வந்து சேர்ந்தது சராசரியாக 100 டன் அளவுதான். டிசம்பரில் ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் மீட்புப் படை சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கியபோதும், ஹிட்லரின் அனுமதியின்றி நகரப் பவுலஸ் துணியவில்லை. எரிபொருள் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால், மீட்பு வராது என்று தெளிவான பின்னரும், ஜனவரி 8 அன்று சோவியத் தரப்பு முன்வைத்த சரண் நிபந்தனைகளை அவர் நிராகரித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தெற்கே காக்கசஸ் பகுதியிலிருந்து பின்வாங்கிய ஜெர்மன் படைகளுக்கு அந்த எதிர்ப்பு அவகாசம் தந்தது என்று வாதிடுவோர் உண்டு; பட்டினியிலும் உறைபனியிலும் மடிந்துகொண்டிருந்த வீரர்களை அந்த வாதத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

கேள்வி: தோல்வியின் விளிம்பில் ஃபீல்டு மார்ஷல் பதவி எதற்கு?

பதில்: 1943 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பவுலஸைத் தரைப்படையின் மிக உயர்ந்த பதவியான ஃபீல்டு மார்ஷலாக்கினார். அதுவரை எந்த ஜெர்மானிய ஃபீல்டு மார்ஷலும் உயிரோடு பிடிபட்டதில்லை, அவர் தற்கொலை செய்துகொள்வார் என்பதே ஹிட்லரின் எதிர்பார்ப்பு. மறுநாளே, ஜனவரி 31 அன்று, ஒரு பல்பொருள் அங்காடியின் அடித்தளத்தில் அவர் பிடிபட்டார். அந்தப் போரில் சிறைப்பட்ட ஏறக்குறைய 91,000 பேரில் சுமார் 6,000 பேரே ஊர் திரும்பினார்கள்.

கேள்வி: பிறகு அவர் என்ன ஆனார்?

பதில்: 1944 ஆகஸ்டில் ஹிட்லருக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். 1946-இல் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் சோவியத் தரப்பின் சாட்சியாக நின்றார். படையெடுப்புத் திட்டத்தை வகுத்தவரே அதை ஆக்கிரமிப்பு என்று கூறியதுதான் அந்தச் சாட்சியத்தின் வலிமை. 1953-இல் விடுதலையாகி, 1957-இல் டிரெஸ்டனில் காலமானார்.