இங்கிலாந்துப் போர்டிங் பள்ளிகளில் இன்னும் அந்தக் காலத்து உடைதானா? பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்காதா?

கேட்டவர் பிள்ளையை அங்கே சேர்க்க யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ‘கூச்சம்’ என்ற வார்த்தை கேள்விக்குள் வந்திருக்காது. அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதில். நான் அங்கே படித்தவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் லண்டனில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகம் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கம். ஒரு செப்டம்பரில் சாப்பிட வெளியே வந்தால் தெருவில் பேண்டு சத்தம். பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். பையன்களுக்குக் கணுக்கால் வரை தொங்கும் கருநீலக் கோட்டு, இடுப்பில் தோல் பெல்ட், கழுத்தில் வக்கீல் மாதிரி இரண்டு வெள்ளைத் துணிப்பட்டை, கோட்டு விலகும்போதெல்லாம் பளிச்சென்று மஞ்சள் காலுறை. ஏதோ சினிமா படப்பிடிப்பு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார்: “கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பிள்ளைகள். செயின்ட் மேத்யூ நாளுக்கு வருடா வருடம் வருவார்கள். லார்டு மேயர் ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பார்.”

பெயரைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று எண்ண வேண்டாம், அது பள்ளிக்கூடம். ரிட்லி என்ற பிஷப் ஏழைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்ய, ஆறாம் எட்வர்டு மனம் இளகி, லண்டன் மக்கள் பணம் போட்டு 1552இல் தொடங்கியது. அப்போது அந்த அரசருக்கே 15 வயதுதான். 1553இல் பள்ளிக்குச் சாசனம் கொடுத்த சில நாளில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். துறவிகளைக் கிளப்பிவிட்டுக் காலியாகக் கிடந்த ஒரு மடத்தில், நியூகேட் தெருவில், தெருப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் பேண்டைப் பார்த்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். 1902இல்தான் பள்ளி சசெக்ஸில் ஹார்ஷம் பக்கம் போனது.

இப்போது உடைக்கு வருகிறேன். நீலம் அன்றைக்கு மலிவான சாயம். வேலைக்காரர்களும் தொழில் பழகும் பையன்களும் உடுத்தியது. அதாவது அந்தக் கோட்டு, நம் பாஷையில் சொன்னால், ஓசி உடை. மஞ்சளைக் கண்டால் எலி அண்டாது என்று காலுறைக்கு அந்த நிறம் வைத்ததாக ஒரு கதையும் உண்டு. தர்மத்துக்குக் கொடுத்த அதே உடையைத்தான் இன்றும் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியே இலவசமாகத் தருகிறது. முழுக் கட்டணம் கட்டும் வீட்டுப் பையனும் சலுகையில் படிக்கும் பையனும் மதியச் சாப்பாட்டுக்கு அதே கோட்டில், அதே பேண்டுக்குப் பின்னால் அணிவகுத்துப் போகிறார்கள். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று உடையை வைத்துச் சொல்லவே முடியாது.

எனக்கு உறைத்தது அங்கேதான்.

நான் எட்டாவது படித்தது அரசு விடுதியில் தங்கி. எங்களுக்கும் இலவசச் சீருடை உண்டு, காக்கி டவுசரும் வெள்ளைச் சட்டையும். ஆனால் அந்தக் காக்கியும் கடையில் எடுக்கும் காக்கியும் ஒன்றில்லை. எங்களுடையது கொஞ்சம் வெளிறி, ஈரச் சாம்பல் மாதிரி இருக்கும். காலை வரிசையில் பார்த்தாலே யார் விடுதி, யார் வீடு என்று தெரிந்துவிடும். என் பெயரே ‘கவர்மெண்ட் டவுசர்’ என்று ஆகிப்போனது. பொறுக்க முடியாமல் சந்தையில் ஒரு பொட்டலம் சாயப்பொடி வாங்கி, விடுதி பக்கெட்டில் கரைத்து, ராத்திரி முழுக்க டவுசரை ஊற வைத்தேன். காலையில் அசல் காக்கி! பெருமைக்கு அளவில்லை. மூன்றாவது பீரியட் விளையாட்டு. வேர்த்த வேர்வையில் தொடையிலிருந்து முழங்கால் வரை காவிக் கோடாக வழிந்தது. வாத்தியார் ரத்தம் என்று பயந்து பக்கத்தில் ஓடி வந்தார். அதற்கப்புறம் வகுப்பு சிரித்த சிரிப்பை நான் எழுதத் தேவையில்லை.

உடனே ‘வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிறான்’ என்று வருவீர்கள், தெரியும். பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி என்று பெயர் வாங்கிய ஈட்டனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1440இல் ஆறாம் ஹென்றி அதை 70 ஏழை மாணவர்களுக்கு என்றுதான் தொடங்கினார். இன்று அது யாருக்கானது என்று ஊருக்கே தெரியும். கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டலும் சொர்க்கமாக இருந்ததில்லை. அங்கே படித்த ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் லாம்ப், பிற்பாடு 33 வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கெழுதியவர், ஓடிப்போகப் பார்த்த பையன்களுக்கு விலங்கு மாட்டியதையும் இருட்டறையில் அடைத்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பிரம்படியை இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் சட்டம் போட்டு நிறுத்தவே 1999 ஆனது. அதையெல்லாம் பாரம்பரியம் என்று நான் கும்பிடச் சொல்லவில்லை. உடையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் முடியாது. திரும்பி வந்து சென்னையில் மகளைச் சேர்த்த பள்ளியில் டை, பிளேசர், புதன்கிழமைக்கு வெள்ளை ஷூ. எல்லாம் பள்ளிக் கவுண்டரில்தான் வாங்க வேண்டும், வெளியே தைத்தால் செல்லாது. ஏப்ரல் வெயிலில் பிளேசர் எதற்கு என்று கேட்டேன். “சார், இன்டர்நேஷனல் லுக்” என்றார்கள். விலையைச் சொன்னால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கூச்சமாக இருக்காதா? ஹார்ஷம் பிள்ளைகளிடமே உடையை மாற்றலாமா என்று கேட்டபோது, பெரும்பாலானோர் வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார்களாம். நான் பார்த்த அணிவகுப்பில் ஒரு பொடியன் நடைபாதை ஓரம் குனிந்து, சரிந்த மஞ்சள் காலுறையை இழுத்துவிட்டு, ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டான். அவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அங்கே படிப்பு முடித்துப் போகிறவர்கள் கையில் ஒரு பைபிளைக் கொடுத்து, இங்கே பெற்ற நன்மையை மறக்காதே, உன்னால் முடிந்தபோது மற்றவர்களுக்கும் இது கிடைக்கச் செய் என்று வாசித்து அனுப்புவார்கள். நான் விடுதியை விட்டுக் கிளம்பும்போது தட்டு 1, டம்ளர் 1, போர்வை 1 என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். டம்ளர் தொலைந்துபோனது என்று எழுதிக்கொடுத்து அதற்குக் காசும் கட்டினேன். தொலையவில்லை. இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.