அப்பாவின் கை இறுக்கத்தை அளக்கக் கருவி உண்டா?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு வயது 67. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை எடுக்கிறார். சென்ற கிளினிக்கில் வலது கை இறுக்கத்துக்கு 2 என்று எழுதியிருந்தார்கள். இம்முறை வேறொரு வைத்தியர் 3 என்று எழுதியிருக்கிறார். நோய் முற்றிவிட்டதா? பிரஷர் பார்ப்பதுபோல் இதைக் கருவியால் அளக்க முடியாதா? – வாசகி, ஹட்டன்

பதில்: இந்த ஓர் இலக்க வித்தியாசத்தை மட்டும் வைத்து நோய் முற்றிவிட்டதென்று சொல்ல முடியாது. நோயாளியைத் தளர்வாக இருக்கச் சொல்லி, அவருடைய கழுத்தையும் கைகால்களையும் வைத்தியர் தாமே மெதுவாக அசைத்துப் பார்த்து 0 முதல் 4 வரை இலக்கமிடுவதே வழக்கம். மற்றக் கையை மூடித் திறக்கச் செய்யும்போது மட்டும் இறுக்கம் தட்டுப்பட்டால் 1. அப்படிச் செய்யாமலே தட்டுப்பட்டு, ஆனால் மூட்டை முழுவதும் இலகுவாக மடக்கி நீட்ட முடிந்தால் 2. சிரமப்பட்டுத்தான் முடிந்தால் 3. முழுவதும் முடியவே முடியாவிட்டால் 4. இலகுவா, சிரமமா என்பதைத் தீர்மானிப்பது பரிசோதிப்பவரின் கை என்பதால், இரண்டு வைத்தியர்களிடையே ஓர் இலக்கம் மாறுவது புதுமையல்ல.

கருவிகள் இல்லாமலில்லை. மயோட்டன் என்ற கையடக்கக் கருவி, தோலின் மேல் மெல்லத் தட்டி, தசை அதிர்ந்து அடங்கும் விதத்திலிருந்து அதன் விறைப்பைக் கணிக்கிறது. எலாஸ்டோகிராபி ஸ்கேன், தசைக்குள் அலை ஓடும் வேகத்தைக் கொண்டு அதையே சொல்கிறது. ஆனால் பார்க்கின்சன் இறுக்கத்தின் பெரும்பகுதி, மூட்டை அசைக்கும்போது நரம்பு வழியாக எழும் எதிர்ப்பு. ஓய்ந்திருக்கும் தசையை மட்டும் அளந்தால் அது முழுமையாக அகப்படாது. மோட்டார் பூட்டிய கருவி கையைத் தானே மடக்கி நீட்டி அந்த எதிர்ப்பைப் பதிவு செய்கிறது என்றாலும், அது பெரும்பாலும் ஆய்வுகூடங்களில்தான் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு 140/90 என்பதுபோல் பொதுவான எல்லை இலக்கமும் இதற்கு இல்லை. ஆகவே இதற்காகக் கொழும்புக்கு அலைந்து பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கருவியைவிட முக்கியமான கேள்வி, மாத்திரை எடுத்து எவ்வளவு நேரம் கழித்து அப்பாவைப் பரிசோதித்தார்கள் என்பது. கிளினிக்குக்காகக் கண்டிக்கு விடியற்காலை பஸ் ஏறுகிறவர்களில் சிலர், ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் இடைப்பட்ட வளைவுகளை எண்ணியே வாந்திக்குப் பயந்து காலை மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் 5 மணிக்கு எடுத்துவிட்டு, அதன் வேகம் தணிந்தபின் 10 மணிக்கு வைத்தியர் முன் அமர்கிறார்கள். இரண்டு நிலையிலும் கை இறுகித்தான் இருக்கும். குளிரும் நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்திருந்ததும் அதைக் கூட்டும்.

கிளினிக் கொப்பியில் மாத்திரை எடுத்த நேரத்தையும் பரிசோதித்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வாருங்கள். இயன்றவரை அதே இடைவெளியில் அடுத்த பரிசோதனையும் நடக்கட்டும். சட்டைப் பொத்தான் போட எடுக்கும் நேரத்தையும், மாத்திரைக்கு முன்னும் ஒரு மணிநேரம் பின்னுமாக, வீட்டிலேயே கவனித்து எழுதலாம். இலக்கம் கூடியதென்று மாத்திரையைத் தாங்களாகவே கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்: திடீரென நிறுத்திய பின் காய்ச்சலும் கடும் விறைப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்தால், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.